காணாதவர்க்குக் கண்ணான குரல்

போர்க்களத்தைக் காணாதவருக்கு அதனைக் கண்டவர் எடுத்துரைக்கும் மரபு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. பாரதக் கதையில், கண்ணொளியற்ற திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் குருட்சேத்திரத்தைச் சொல்லில் வடித்துக் காட்டுகிறான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், களத்தைக் கண்டுவந்த கூளி காளிக்குப் போரைப் பாடுகிறது. இரண்டிடத்தும் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே நிற்பது மொழி மட்டுமே. ஆயினும், சஞ்சயனும் கூளியும் நடந்ததைக் கூறினர். நடந்துகொண்டிருப்பதை, அதன் முடிவு இன்னதென்று சொல்பவருக்கே தெரியாத நிலையில், தொலைவில் இருப்பவருக்கு அந்தக் கணத்திலேயே எடுத்துரைப்பது ஒலிவாங்கியும் மின்கம்பியும் வந்த பின்னரே இயன்றது.

வானொலி வருணனை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரிய நிலையங்களும் அவற்றின் புகழ்பெற்ற குரல்களுமே. ஆனால், பிரிட்டனின் நகரங்களில், பல்லாண்டுக் காலமாக, ஊதியம் பெறாத குரல்கள் சில காற்பந்துத் திடலின் ஓரத்தில் அமர்ந்து பேசிவந்தன. அவற்றைக் கேட்டவர்கள் நகர மக்கள் அல்லர். அந்நகர மருத்துவமனைகளில் படுத்திருந்த நோயாளிகள் மட்டுமே. தொண்டூழியர்களின் அந்த எளிய முயற்சி எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, வருணனைக் கலையில் எதனைக் காத்துக் கொடுத்தது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருவருக்காகப் பேசிய முதல் குரல்

பி.பி.சி. வானொலி தன் முதல் விளையாட்டு நேர்முக வருணனையை 1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் ஒலிபரப்பிற்று. டுவிக்கன்ஹாம் திடலில் இங்கிலாந்தும் வேல்சும் பொருதிய ரக்பி ஆட்டம் அது. வருணனை செய்தவர் டெடி வேக்லம் என்பார். படையில் பணியாற்றியவர், ரக்பி ஆட்டக்காரர். அந்நிலையத்தில் அவருக்கு முன் இப்பணியைச் செய்தார் எவரும் இலர். ஆதலின், பார்த்துப் பின்பற்றுவதற்கு ஒரு முன்மாதிரியும் இல்லை.

நிகழ்ச்சியைப் பொறுப்பேற்று நடத்திய லான்ஸ் சீவ்கிங் அப்போது ஓர் உத்தியைக் கையாண்டார். முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கென 1915இல் தோற்றுவிக்கப்பட்ட செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லத்திலிருந்து, ரக்பி ஆட்டத்தில் பெருவிருப்பமுடைய பார்வையற்றவர் ஒருவரை அழைத்து வந்தார். வருணனைக் கூண்டின் முன்னே அவரை அமரச் செய்தார். நாடு முழுவதும் கேட்கிறதே என்று எண்ணித் தடுமாறாமல், முன்னே இருக்கும் இவ்வொருவருக்கு ஆட்டத்தை விளக்கினால் போதும் என்பதே வேக்லத்திற்கு அவர் காட்டிய வழி.

ஒரு வாரம் கழித்து, சனவரி 22ஆம் நாள், இலண்டன் ஹைபரி திடலில் ஆர்சனல் குழுவும் ஷெஃபீல்டு யுனைடெட் குழுவும் மோதிய காற்பந்தாட்டம் ஒலிபரப்பாயிற்று. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் சமனாக முடிந்தது. திடலை எட்டுக் கட்டங்களாகப் பகுத்துக் காட்டும் படம் ஒன்றை 'ரேடியோ டைம்ஸ்' இதழ் முன்னதாகவே அச்சிட்டிருந்தது. வேக்லம் ஆட்டத்தைக் கூற, மற்றொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை எண்ணைச் சொல்லி உணர்த்தினார். கேட்போர் படத்தை முன்னே விரித்து வைத்துக்கொண்டு பந்தின் போக்கை விரலால் தொடரலாம்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. நேர்முக வருணனை பிரிட்டனில் பிறந்தபோதே, பார்வையற்ற ஒருவரை முன்னிறுத்தியே பிறந்தது. எத்தனை இலட்சம் பேர் கேட்டாலும், காணவியலாத ஒருவருக்குச் சொல்வதே அதன் அடிப்படை. பின்னாளில் தொலைக்காட்சி வந்தபின், காண்போருக்கே வருணனை செய்யும் நிலை உருவாயிற்று. அந்த அடிப்படையும் மெல்ல மங்கிற்று. அது மங்காமல் இருந்த இடங்களுள் மருத்துவமனை வானொலி தலையாயது.

கட்டிலருகே வந்த கம்பி

மருத்துவமனைக்குள் ஒலியைக் கம்பி வழியே கொண்டு செல்லும் ஏற்பாடு, அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் 1919இலேயே தொடங்கியதாகக் கூறுவர். பிரிட்டனில் இத்துறையின் முன்னோடி யார்க் மாவட்ட மருத்துவமனை. அங்கு 1925இல் 200 கட்டில்களுக்கு ஹெட்போன்களும், அவற்றோடு 70 ஒலிபெருக்கிகளும் பொருத்தப்பட்டன. தேவாலய வழிபாடுகளும் விளையாட்டு வருணனைகளும் அவ்வழியே நோயாளிகளை அடைந்தன.

சிங்கப்பூர் வாசகருள் மூத்தோருக்கு இம்முறையை நீள விளக்க வேண்டுவதில்லை. 1949ஆம் ஆண்டு தொடங்கி, வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்குக் கம்பி வழியே நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்த ரெடிஃபியூஷனை அவர்கள் அறிவர். மருத்துவமனை வானொலியும் அத்தகையதே. அதன் ஒலி வான்வெளியில் பரவுவதில்லை. கம்பி எங்கே முடிகிறதோ, அங்கே அதன் எல்லையும் முடிகிறது. இவ்வெல்லையே அதற்கு ஒரு வலிமையாக அமைந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்து நோயாளியின் வாழ்வையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று சில நாள்களில் வீடு திரும்பும் நோய்களுக்கு அன்று வாரக்கணக்கில் படுத்திருக்க நேர்ந்தது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரையில் படுக்கையை விட்டு எழ விடாமல் வைத்திருப்பது 1940களில் வழக்கமாக இருந்தது. காசநோயாளிகளின் வாசமோ மாதக்கணக்காக நீண்டது. உறவினர் வந்து பார்க்கும் நேரமும் மிகக் குறைவு. குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிக் காண அனுமதிக்க வேண்டும் என்று பிளாட் குழுவினர் 1959இல் அறிக்கை எழுத வேண்டியிருந்தது என்றால், ஏனையோர் நிலையை நாமே உய்த்துணரலாம். சன்னலுக்கு அப்பால் தம் ஊர் இருந்தும், அவ்வூரின் ஆரவாரம் எதுவும் தம்மை எட்டாத தனிமை அவர்களுடையது.

பூட்டிய கதவில் ஒரு சிறு வழி

பெரிய வானொலி இருக்கும்போது தொண்டூழியர் ஏன் தனியே வருணனை செய்ய வேண்டும் என்னும் வினா எழலாம். அதற்கு விடை காற்பந்து நிருவாகத்தில் இருக்கிறது. ஆட்டத்தை வீட்டிலிருந்தே கேட்க முடியுமானால் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கித் திடலுக்கு வரமாட்டார்கள் என்று குழுக்களின் நிருவாகிகள் அஞ்சினர். 1931இல், இங்கிலாந்தின் காற்பந்து லீக் அமைப்பு தன் ஆட்டங்களை வானொலியில் ஒலிபரப்பத் தடை விதித்தது. போருக்குப் பின் தடை தளர்ந்தபோதும் கட்டுப்பாடுகள் நீங்கவில்லை. வாரம் ஓர் ஆட்டத்தின் பிற்பாதி மட்டும் ஒலிபரப்பாகும். அது எந்த ஆட்டம் என்பதையும் முன்கூட்டியே வெளியிடலாகாது. நாட்டில் அன்று நடைபெறும் பல ஆட்டங்களுள் தம் ஊர்க் குழுவின் ஆட்டம் வானொலியில் வருவது அரிதினும் அரிது.

ஆனால், மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் நுழைவுச்சீட்டு வாங்கப் போவதில்லை. அவருக்குக் கம்பி வழியே சொல்லும் ஆட்டம் வேறெவர் காதிலும் விழப் போவதுமில்லை. எனவே, பி.பி.சி.க்குக் கதவடைத்த குழுக்களே மருத்துவமனைத் தொண்டர்களுக்கு இடம் தந்தன. முன்னர்க் குறிப்பிட்ட கம்பியின் எல்லை இவ்வாறு வலிமையாயிற்று. நாடு கேட்க முடியாத முழு ஆட்டத்தை நோயாளி கேட்டார். அதுவும் தம் சொந்த ஊர்க் குழுவின் ஆட்டத்தை!

தேசிய நலச்சேவை 1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் தோன்றி, மருத்துவமனைகள் அரசின் பொறுப்பில் வந்தன. மருந்தும் மருத்துவரும் அரசின் கடமையாயினர். நோயாளியின் பொழுதும் மனமும் ஊராரின் கடமையாக எஞ்சின. 1950களின் தொடக்கத்தில், போர்ட்ஸ்மத் நகரின் ஃப்ராட்டன் பார்க் திடலிலிருந்தும் சௌதாம்டன் நகரின் டெல் திடலிலிருந்தும் மருத்துவமனைகளுக்கு வருணனைகள் செல்லத் தொடங்கின. 1949, 1950 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் போர்ட்ஸ்மத் குழு லீக் வாகையைச் சூடியிருந்தது. அந்நகரத்து நோயாளிக்குச் சனிக்கிழமை ஆட்டம் எத்துணைப் பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை அறிய இஃதொன்றே போதும்.

இம்முயற்சிகளில் பல ஊர்களில் முன்னின்றது 'டாக் எச்' என்னும் தொண்டியக்கம். முதல் உலகப் போரின்போது, 1915இல், பெல்ஜியத்தின் போப்பரிங்கே நகரில் களைத்த வீரர்கள் இளைப்பாற டப்பி கிளேட்டன் என்னும் சமயகுரு திறந்த இல்லமே அவ்வியக்கத்தின் பிறப்பிடம். பதவி வேறுபாடின்றி எவரும் அங்கு நுழையலாம். போர் முடிந்தபின் அவ்வில்லத்தின் நினைவு தொண்டாக மாறி, ஊர்தோறும் கிளை விட்டது. அக்கிளைகள் சில மேற்கொண்ட பணிகளுள் ஒன்றே மருத்துவமனை வருணனை.

சனிக்கிழமைப் பிற்பகல்

இவ்வொலிபரப்பு நடந்த முறை எளியது. ஆயின் உழைப்பு மிகுந்தது. திடலில் செய்தியாளர் அமரும் பகுதியின் ஓரத்தில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஓர் ஒலிவாங்கி. காலடியில் ஒலியைப் பெருக்கும் கருவி. அதிலிருந்து ஒரு தொலைபேசிக் கம்பி புறப்பட்டு மருத்துவமனைக்குச் செல்லும். தொலைபேசிக் கம்பிகள் அக்காலத்தில் அஞ்சல் துறையின் ஆட்சியில் இருந்தமையால், அத்துறைக்கு வாடகை செலுத்த வேண்டும். ஒரே ஆட்டத்தைப் பல மருத்துவமனைகளுக்கு அனுப்பின், கம்பிகளும் பல. வாடகையும் பல மடங்கு. அப்பணத்தை உண்டியல் குலுக்கியும், பழம்பொருள் விற்றும், குலுக்குச்சீட்டு நடத்தியும் தொண்டூழியர்களே திரட்டினர்.

வருணனையாளர் எவரும் அத்தொழிலுக்கெனப் பயின்றவர் அல்லர். வாரநாள்களில் அலுவலகத்திலும் கடையிலும் பள்ளியிலும் பணிபுரிந்தவர்கள். பொதுவாக இருவர் அமர்ந்து மாறி மாறிப் பேசுவர். ஒருவர் இளைக்கும்போது மற்றவர் தொடர்வார். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் மழையையும் வெயிலையும் சொல்வர்; புல் ஈரமாக இருக்கிறதா, காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதைச் சொல்வர்; இரு குழுவினரும் அணிந்துள்ள சட்டையின் நிறத்தைச் சொல்வர். இடைவேளையில் நோயாளிகளுக்கு வாழ்த்துக் கூறுவதும் உண்டு. எந்த வார்டில் எந்தக் கட்டிலில் இருப்பவருக்கு யார் வாழ்த்து அனுப்பினார் என்று திடலிலிருந்து ஒரு குரல் சொல்லும்போது, படுத்திருப்பவர் தம் பெயரை ஊர் நடுவே கேட்டவராகிறார். பி.பி.சி.யால் செய்யவியலாத செயல் இது.

நோயாளிகள் அனைவரும் உள்ளூர்க் குழுவின் பற்றாளர் ஆகமாட்டார். எதிர்க்குழுவை விரும்புவோரும் அக்கட்டில்களில் இருப்பர். ஆகவே, தம் குழு தோற்கும்போது சோர்ந்தும் வெல்லும்போது வரம்பு மீறியும் பேசிவிடாமல் நடுநிலை பேண வருணனையாளர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கேட்போர் நோயுற்றவர் என்பதும் ஒரு கட்டுப்பாடு. வருணனை நோயாளியை ஆட்டத்தின் பரபரப்பில் ஈடுபடுத்தவும் வேண்டும். அடுத்த கட்டிலில் உறங்குபவரை எழுப்பிவிடவும் கூடாது. ஹெட்போன் இருந்தமையால் இவ்விரண்டும் இயன்றன. ஒரு வார்டில் ஒருவர் கோல் என்று மகிழ, அவரருகே மற்றொருவர் அமைதியாக உறங்கியிருப்பார்.

சொல்லின் தேர்வு

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இவ்வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி, இவ்வருணனையின் மொழியாகும். தொலைக்காட்சி வருணனையாளர் "அருமையான ஆட்டம்!" என்று சொல்லி நிறுத்தலாம், எது அருமை என்பதைப் படம் காட்டிவிடும். மருத்துவமனை வருணனையாளருக்கு அவ்வுரிமை இல்லை. "பந்தை வாங்கினார், கொடுத்தார்" என்பதும் அவருக்குப் போதாது. யார் வாங்கினார், திடலின் எப்பகுதியில், எந்தக் கோலை நோக்கி, எக்காலால், அவரைத் தடுக்க வருபவர் எத்தனை அடி தொலைவில் என்பன எல்லாம் சொல்லில் வந்தாக வேண்டும். வந்தால்தான் கேட்பவர் மனத்தில் திடல் விரியும்.

மௌனமும் அவருக்கு ஒரு சிக்கல். தொலைக்காட்சியில் வருணனையாளர் பேசாமலிருந்தால் படம் தொடர்கிறது. வானொலியில் பேச்சு நின்றால் ஆட்டமே நின்றுவிடுகிறது. அதற்காக ஓயாது பேசினாலோ கூட்டத்தின் ஆரவாரம் கேட்பவரை எட்டாது. அவ்வாரவாரமும் திடலின் ஒரு பகுதிதானே! ஆட்டக்காரர் கையை உயர்த்தி முறையிடுவதை எப்போது சொல்வது, சொல்லை நிறுத்திக் கூட்டத்தை எப்போது பேசவிடுவது என்னும் பகுத்தறிவே இக்கலையின் உயிர்நிலை. அதனை இவர்கள் எப்பள்ளியிலும் கற்கவில்லை. வாரந்தோறும் செய்து பழகியதால் பெற்றனர்.

அவ்வாறு பழகியோருள் சிலர் பின்னர்ப் பெரும்புகழ் எய்தினர். ஸ்காட்லாந்தின் டெரெக் ரே, தம் பதின்ம வயதிலேயே அபர்தீன் நகரில் மருத்துவமனை வானொலிக்காகக் காற்பந்து வருணனை செய்து பழகியவர். பின்னர்ப் பன்னாட்டு ஆட்டங்களின் வருணனையாளராக உயர்ந்தார். பி.பி.சி. தொலைக்காட்சியின் 'மேட்ச் ஆஃப் தி டே' நிகழ்ச்சியில் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் வருணனை செய்து, அந்நிகழ்ச்சியின் முதல் பெண் வருணனையாளர் என்னும் பெயர் பெற்ற ஜாக்கி ஓட்லியும் ஒலிபரப்புத் துறைக்குள் அடியெடுத்து வைத்தபோது மருத்துவமனை வானொலியில் தொண்டூழியராக இருந்தவரே. எனினும், புகழ் பெற்றோரைக் கொண்டு மட்டும் இவ்வரலாற்றை அளப்பது முறையன்று. பெயர் வெளியே தெரியாமலே பல பருவங்கள் பேசி ஓய்ந்தவர்களே இதில் பெரும்பாலோர்.

வளர்ச்சியும் மாற்றமும்

ஒலிநாடாக் கருவிகளின் விலை குறைந்ததும், வருணனையோடு தொடங்கிய குழுக்கள் பாடல் விருப்ப நிகழ்ச்சிகளையும் நடத்தத் தலைப்பட்டன. மருத்துவமனையின் பயன்படாத அறைகள் ஒலிபரப்புக் கூடங்களாயின. இக்குழுக்களை ஒருங்கிணைக்கத் தேசியச் சங்கம் ஒன்று 1970இல் அமைந்தது. 1992இல் அது மருத்துவமனை ஒலிபரப்புச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

அதே வேளையில், இப்பணியைத் தோற்றுவித்த காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. 1967ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் லெஸ்டர் நகரில் பி.பி.சி.யின் முதல் உள்ளூர் நிலையம் தோன்றிற்று; 1973இல் தனியார் வானொலிகள் வந்தன. ஊர்க் குழுவின் ஆட்டம் ஊர் வானொலியிலேயே கிடைக்கலாயிற்று. மருத்துவம் முன்னேறியதால் நோயாளியின் தங்கல் வாரங்களிலிருந்து நாள்களாகச் சுருங்கிற்று. 2000ஆம் ஆண்டில் அரசு வெளியிட்ட நலச்சேவைத் திட்டம் கட்டில்தோறும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் அமைய வேண்டுமென்றது. அதன்பின் கைப்பேசி வந்தது. உலகின் எந்த ஆட்டமும் நோயாளியின் உள்ளங்கையில் அடங்கிற்று. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது தொண்டூழியர்கள் மருத்துவமனைக்குள் நுழையவே தடை ஏற்பட, பலர் தம் வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சிகளை அனுப்பினர்.

இவற்றை நோக்குவோர், மருத்துவமனை வருணனை காலம் கடந்த ஒன்று என்று முடிவு கட்டலாம். அம்முடிவு முழுமையானதன்று. அக்கலை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து திடலின் இருக்கைக்கு இடம் பெயர்ந்தது. பார்வையற்ற பற்றாளர்கள் திடலுக்கு வந்து, கூட்டத்தின் நடுவே அமர்ந்து, ஹெட்போனில் ஆட்டத்தைக் கேட்கும் ஏற்பாட்டைப் பிரிட்டனின் குழுக்கள் பல செய்தபோது, அவர்களுக்குச் சொல்ல ஆயத்தமாக இருந்த குரல் மருத்துவமனை வருணனையாளரின் குரலே. நோயாளிக்குச் சென்ற அதே வருணனை, திடலுக்குள் இருந்த பார்வையற்றவருக்கும் சென்றது. போலந்தும் உக்ரேனும் இணைந்து நடத்திய 2012ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், அந்நாடுகளின் மொழிகளிலேயே இத்தகைய விளக்க வருணனை வழங்கப்பட்டது. 1927இல் டுவிக்கன்ஹாமில் பார்வையற்ற ஒருவரை முன்னே அமர்த்தித் தொடங்கிய கலை, இவ்வாறு மீண்டும் பார்வையற்றவரிடமே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அதன் இயல்பு கெடாமல் காத்த பெருமையில் ஊதியம் பெறாத அக்குரல்களுக்கும் பங்குண்டு.

நாம் கொள்ளத்தக்கது

கைப்பேசியில் ஆட்டத்தைக் காணும் நோயாளிக்கு ஆட்டம் கிடைக்கிறது. அவருடைய பெயரைச் சொல்லி வாழ்த்தும் ஊர்க்குரல் கிடைப்பதில்லை. தொழில்நுட்பம் நிரப்பிய இடம் எது, நிரப்பாத இடம் எது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது. நம் ஊர் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் தமிழ் மட்டுமே அறிந்த பெரியவர்கள் பலர் படுத்திருக்கின்றனர். அவர்களிடம் சென்று செய்தித்தாளை வாசித்துக் காட்டுவதும், அன்றைய ஆட்டத்தை எடுத்துச் சொல்வதும் கருவி எதுவும் வேண்டாத தொண்டு.

தமிழாசிரியர்களுக்கு இவ்வரலாறு ஒரு பயிற்சியையும் தருகிறது. பள்ளித் திடலில் ஆட்டம் நடக்கும்போது, மாணவர் ஒருவரைத் திடலுக்கு முதுகு காட்டி அமரச் செய்து, மற்றொருவரை அவருக்கு ஆட்டத்தைத் தமிழில் சொல்லச் செய்யலாம். ஐந்து நிமிடம் கழித்து, கேட்டவர் தாம் கேட்ட ஆட்டத்தைப் படமாக வரையட்டும். அப்படமே சொன்னவரின் மொழித்திறனுக்கு மதிப்பெண். அடைமொழிகளை அடுக்குவதே வருணனை என்று எண்ணிய மாணவர், வினைச்சொல்லும் இடச்சொல்லும் எத்துணை இன்றியமையாதன என்பதை அன்று உணர்வார். காணாதவர் ஒருவர் தம் சொல்லை நம்பி அமர்ந்திருக்கும்போது, சொல்லைப் பொறுப்போடு தேர்ந்தெடுக்கும் பழக்கமும் அவருக்கு வாய்க்கும்.